ஒத்திகைச் சம்பளம்

எங்கள் கம்பெனியில் யாரும் திடீரென்று கஷ்டப்பட்டுவிட முடியாது. அதைக் கவனிக்க ஒரு பிரிவே இருக்கிறது. முன்னேற்பாட்டுப் பிரிவு என்று பெயர். கேன்டீனுக்கு மேலே மாடியில் இரண்டு அறை, ஒரு ஏசி, ஓர் அதிகாரி. அவரை நாங்கள் 'முன்னேற்பாடு' என்றே சொல்வோம். முன்னேற்பாடு வருகிறார் என்றால் பெஞ்சில் பேச்சு நின்றுவிடும். மற்றபடி நல்ல மனிதர். யாரையும் அதட்ட மாட்டார். எதிரில் இருப்பவர் ஏற்கெனவே படுத்த படுக்கையில் கிடப்பதுபோலக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்.

நாங்கள் செய்வது பூட்டு. கடைசிப் பெஞ்ச் என்னுடையது. முடிந்து வருகிற ஒவ்வொரு பூட்டையும் அதன் சாவியால் இரண்டு முறை திறந்து மூடிப் பார்க்க வேண்டும். சிக்கினால் சிவப்புக் கூடை, சிக்காவிட்டால் பச்சைக் கூடை. நாளைக்கு ஆயிரத்து நூறு பூட்டு. பதினோரு வருடமாகச் செய்கிறேன். பக்கத்துப் பெஞ்சில் பூட்டுக்கு எண்ணெய் விடுகிற அக்கா உட்கார்ந்திருப்பாள். மூன்று பிள்ளை பெற்றவள், எல்லாரையும் எல்லாவற்றையும் பற்றி அவளிடம் ஒரு கருத்து இருக்கும். எண்ணெய் அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

கல்யாணமாகி எட்டாவது வருடம் எனக்கு நாள் தள்ளிப்போனது. டாக்டர் உறுதியாகச் சொன்ன அன்று சாயங்காலமே நானும் வீட்டுக்காரரும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட உட்கார்ந்தோம். சந்தோஷத்தை வேறு எப்படிக் கொண்டாடுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

என் சம்பளம் பதினெட்டாயிரம். பிரசவ விடுப்பு பதினாறு வாரம், அந்த நாட்களுக்குப் பாதிச் சம்பளம். ஆக மாதம் ஒன்பதாயிரம் குறையும், நான்கு மாதத்துக்கு முப்பத்தாறாயிரம். வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். மாதம் பன்னிரண்டாயிரம், அதுவும் பள்ளிக்கூடம் நடந்தால்தான். வருட விடுமுறை இரண்டு மாதமும் வேன் காம்பவுண்டுக்குள் கிடக்கும், சம்பளம் கிடையாது. டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி சரியாக விடுமுறையின் முதல் வாரத்தில் வந்து விழுந்தது. அந்த வகையில் ஒரு இருபத்து நாலாயிரம். மொத்தம் அறுபதாயிரம் துண்டு விழும். பிஸ்கட் டப்பாவில் பன்னிரண்டாயிரம் இருந்தது. மீதியை ஆறு மாதத்தில், மாதம் எட்டாயிரமாக ஒதுக்க வேண்டும்.

அவர் சிகரெட்டை விடுவார். எனக்குப் போகும்போது பஸ், வரும்போது நடை. துணி எடுப்பதில்லை. கேபிள் வேண்டாம். எழுதி எழுதிக் கூட்டிப் பார்த்ததில் எட்டாயிரத்து இருநூறு வந்தது. இருநூறு கூடுதலாக வந்ததில் இரண்டு பேருக்கும் பெருமை தாங்கவில்லை. பதினாறு வாரம் என்றால் நூற்றுப் பன்னிரண்டு நாள். எட்டு வருடம் காத்திருந்து வருகிற பிள்ளையின் பக்கத்தில் நூற்றுப் பன்னிரண்டு நாள் படுத்துக் கிடக்க வேண்டும். எனக்கு அதற்கு மேல் ஓர் ஆசையும் இல்லை. அதில் ஒரு நாளைக்கூட விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டுத்தான் அன்றைக்குச் சாப்பிட்டோம்.

கம்பெனிக்குக் கடிதம் கொடுத்த மூன்றாம் நாள் மாடிக்கு வரச் சொன்னார்கள். முன்னேற்பாடு எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ரொம்ப சந்தோஷமான செய்திம்மா. எப்பலேருந்து கஷ்டப்படலாம்னு இருக்கீங்க?"

எனக்குக் கேள்வி விளங்கவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். பிரசவ விடுப்பில் போகிற பெண்கள் எல்லாரும் பாதிச் சம்பளத்தில் தடுமாறுகிறார்கள். ஏன் தடுமாறுகிறார்கள்? பழக்கமில்லை. தீயணைப்பு ஒத்திகையைத் தீப்பிடித்த பிறகா நடத்துகிறோம்? அதனால் பிரிவு ஒரு திட்டம் வகுத்திருக்கிறது. வருமானக் குறைவு ஒத்திகை. பிரசவத்துக்கு முந்தைய ஆறு மாதமும் எனக்குப் பாதிச் சம்பளம்தான் கையில் வரும். மறுபாதி என் பெயரிலேயே 'தாய்மை முன்வைப்பு நிதி' என்ற கணக்கில் சேரும். ஒத்திகையை முடித்துச் சான்றிதழ் வாங்கினால்தான் விடுப்பு.

வீட்டுக்கு வந்து சொன்னேன். வீட்டுக்காரர் காலண்டர் தாளைப் பிரித்தார். மாதம் ஒன்பதாயிரம், ஆறு மாதத்துக்கு ஐம்பத்து நாலாயிரம். டப்பாவில் இருப்பதையும் சேர்த்தால் அறுபத்தாறாயிரம். எங்கள் கணக்கைவிட ஆறாயிரம் அதிகம்.

"நம்மள விட நல்லா யோசிச்சிருக்காங்க. படிச்சவங்க படிச்சவங்கதான்" என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

விண்ணப்பம் பதினான்கு பக்கம். ஒன்பதாவது கேள்வியில் மாட்டிக்கொண்டேன். 'எதிர்பாராத செலவுகளைப் பட்டியலிடுக' என்று இருந்தது. காய்ச்சல், குழாய் ரிப்பேர், சொந்தத்தில் சாவு என்று எழுதிக் கொடுத்தேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். எழுதத் தெரிகிற செலவு எதிர்பார்த்த செலவு ஆகிவிடும், அதை எட்டாவது கேள்வியின் கீழே எழுத வேண்டுமாம். எட்டுக்கு மாற்றினேன். ஒன்பது காலியாக இருப்பதாக மறுபடியும் திரும்பி வந்தது. கடைசியில் எண்ணெய் அக்கா சொன்னபடி, 'தெரிந்ததும் தெரிவிக்கிறேன்' என்று எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்தது பயிற்சி வகுப்பு. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து ஒரு மணி நேரம். கட்டணம் மாதம் முந்நூறு, கையில் வந்த பாதியிலிருந்துதான் கட்ட வேண்டும். பேக்கிங்கிலிருந்து இரண்டு பெண்கள், நான். ஆக மூன்று வயிறு வரிசையாக உட்கார்ந்திருக்க, முன்னேற்பாடு திரையில் படம் காட்டிப் பாடம் எடுப்பார். அந்தப் பாடம் யாருக்கு எழுதியதோ தெரியாது. வாரம் இரண்டு முறை ஓட்டலில் சாப்பிடுவதை ஒரு முறையாகக் குறையுங்கள் என்று இருந்தது. இரண்டாவது காரை விற்றுவிடலாம் என்று இருந்தது. வெளிநாட்டுச் சுற்றுலாவை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள் என்று வந்தபோது பேக்கிங் பெண் ஒருத்தி உண்மையாகவே குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பு முடிவில் ஒரு தாள். 'நான் கைவிட்ட ஆடம்பரங்கள், குறைந்தது ஐந்து.' சார், நாங்க ஓட்டலுக்கே போறதில்லையே, எதை விடறது என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். அப்படியானால் முதலில் ஆரம்பியுங்கள், பிறகு குறைக்கலாம் என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பேக்கிங் பெண் கடன் வாங்கி இரண்டு வாரம் ஓட்டலில் காப்பி குடித்துவிட்டு மூன்றாவது வாரம் நிறுத்தினாள். அவளுக்குப் பத்துக்குப் பத்து. நான் பஸ், மீன், கேபிள், புது ஜாக்கெட் என்று எழுதி, ஐந்தாவதற்கு ஒன்றும் கிடைக்காமல் ஞாயிற்றுக்கிழமைப் பகல் தூக்கம் என்று போட்டேன். தூங்காததில் என்ன மிச்சம் என்று கேட்டார். அந்த நேரத்தில் எதிர் வீட்டுத் துணிகளுக்கு இஸ்திரி போடுகிறேன், எண்பது கிடைக்கிறது என்றேன். அருமை என்று சொல்லி ஓரத்தில் நட்சத்திரம் போட்டார். அந்த நட்சத்திரத்தை வீட்டுக்காரரிடம் காட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறைக்க என்ன இருக்கிறது.

எனக்கு ஆறாம் மாதம் நடந்தபோது ஆஸ்பத்திரியில் நர்ஸ் எடை பார்த்துவிட்டுத் திட்டினாள். வயிற்றுக்குள் இன்னோர் ஆள் இருப்பதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். அந்த எடைச் சீட்டின் நகலையும் பிரிவில் கொடுக்க வேண்டும். முன்னேற்பாடு அதை 'நுகர்வு' என்ற தலைப்பின் கீழே ஒட்டிக்கொண்டார். கோடு மேலே ஏறாமல் நேராகப் போவதை விரலால் தடவிப் பார்த்தார். உங்களுக்கு நல்ல கட்டுப்பாடு என்றார்.

ஒத்திகையின் நாலாவது மாதம் வீட்டு ஆய்வு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவரே வந்தார், கையில் கோப்போடு. எங்களிடம் இருப்பது ஒரே நாற்காலி. அதில் உட்காரவைத்தோம். வீட்டுக்கு வந்தவருக்குக் கறுப்பு டீயா கொடுப்பது என்று எதிர் வீட்டில் பாலும் சர்க்கரையும் வாங்கி வந்து டீ போட்டேன். குடித்துவிட்டு, 'உபசரிப்பில் குறைவில்லை' என்று எழுதினார். அலமாரியைத் திறந்து முட்டையை எண்ணினார். இரண்டு. அரிசி டப்பாவை ஆட்டிப் பார்த்தார். மின்சாரக் கட்டண ரசீதைப் பார்த்துவிட்டு, இருட்டில் இருக்கப் பழகிவிட்டீர்களா என்று அக்கறையாக விசாரித்தார்.

பிஸ்கட் டப்பாவும் அவர் கையில் கிடைத்துவிட்டது. பன்னிரண்டாயிரத்தை எண்ணிப் பார்த்து மனம் வருந்தினார். தனிச் சேமிப்பு வைத்துக்கொண்டு செய்தால் அது ஒத்திகையே ஆகாது, நீச்சல் பழகும்போது ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொள்வதுபோல என்றார். இதுவும் முன்வைப்பு நிதியில் சேர்ந்தால்தான் இந்த நாலு மாதமும் செல்லுபடியாகும். அப்போதே ரசீது எழுதிக் கொடுத்தார். டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதில் அவர் நேர்மையானவர்.

கிளம்பும்போதுதான் கேட்டார். செருப்பைப் போட்டுக்கொண்டே, போகிற போக்கில் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"சிரமமா எதுவும் இருக்காம்மா?"

வீட்டுக்கு வந்தவர் கிளம்பும்போது அப்படிக் கேட்டால் நம்மவர்களுக்கு ஒரே ஒரு பதில்தான் தெரியும். அதை யோசித்துச் சொல்வதில்லை, வாயில் தயாராக இருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சொல்லிவிட்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். சமாளிச்சுக்கிறோம்."

அவர் என்னைப் பார்த்தார். நானும் சிரித்துக்கொண்டே, ஆமா சார், ஒரு சிரமமும் இல்ல என்றேன். அதை அப்படியே எழுதி இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் எண்ணெய் அக்காவிடம் சொன்னேன். அவள் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அடிப் பாவி. அழுதிருக்கணும்டி" என்றாள்.

எதற்கு அழ வேண்டும் என்று எனக்கு அப்போது புரியவில்லை. மானம் போக அழுது என்ன கிடைக்கும் என்று நினைத்தேன்.

ஒத்திகையின் ஆறாவது மாதக் கடைசியில் கேன்டீனில் சான்றிதழ் விழா. மேஜைகளைச் சுவரோரம் தள்ளி, மைக் வைத்திருந்தார்கள். சான்றிதழில் மூன்று வகை உண்டு. 'தவித்தார்' என்று வந்தால் விடுப்பு கிடையாது. 'சிரமத்துடன் முடித்தார்' என்பது நடுத்தரம். 'சிரமமின்றி முடித்தார்' என்பதுதான் உச்சம். பிரிவு தொடங்கிய நாளிலிருந்து அதை யாரும் வாங்கியதில்லையாம். என் பெயரைக் கூப்பிட்டபோது எட்டரை மாத வயிற்றோடு மேடை ஏறினேன். முதல் வரிசையில் வீட்டுக்காரர் கைதட்டுவது தனியாகக் கேட்டது.

முன்னேற்பாடு மைக்கில் பேசினார்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி எனக்குக் கால் உடைஞ்சுது. மூணு மாசம் படுத்திருந்தேன். மாசா மாசம் முழுச் சம்பளம் வந்துச்சு. என்ன ஆச்சு? நான் ஒண்ணுமே கத்துக்கல. அந்த நஷ்டம் இன்னிக்கு வரைக்கும் எனக்குத்தான். அந்த வாய்ப்பு எனக்குக் கிடைக்கல, நம்ம பெண்களுக்காவது கிடைக்கட்டுமேன்னுதான் இந்தத் திட்டம். இது ஆரம்பிச்சதுலேருந்து பிரசவ விடுப்பு கேக்கறவங்க எண்ணிக்கை பாதியாக் குறைஞ்சிருக்கு. அந்த அளவுக்குப் பெண்கள்கிட்ட பொறுப்பு வந்திருக்கு. முன்வைப்பு நிதியில இன்னிக்குத் தேதிக்கு இருக்கற தொகையைச் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. ஒரு பைசா வெளிய போகல. அவ்வளவு பத்திரம்."

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். சான்றிதழைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்ட வேண்டியிருந்தது.

பெண் குழந்தை பிறந்தது. சொன்ன தேதியில், வலியோடு, நல்லபடியாக. ஆஸ்பத்திரிச் செலவு காப்பீட்டில் போய்விட்டது. முதல் மூன்று வாரத்தைப் பற்றி நான் குறைசொல்ல மாட்டேன். பாப்பா என் மேல் படுத்துத் தூங்குவாள், நான் அசையாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வயிறு பசித்தாலும் அசைய மனம் வராது. வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் எவை என்று யாராவது கேட்டால் அந்த இருபத்து சொச்சம் நாளைத்தான் சொல்வேன்.

மாதக் கடைசியில் வங்கியில் சம்பளம் விழுந்தது. நாலாயிரத்து ஐந்நூறு. தவறு நடந்துவிட்டது என்று வீட்டுக்காரர் கம்பெனிக்குப் போனார். விடுப்புச் சம்பளம் என்பது கடைசி ஆறு மாதம் கையில் வாங்கியதில் பாதி, கடைசி ஆறு மாதம் கையில் வாங்கியது ஒன்பதாயிரம், அதில் பாதி இவ்வளவுதான் என்று கணக்குப் பிரிவில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வாடகை மட்டும் எங்களுக்கு ஒன்பதாயிரம். பள்ளிக்கூடம் விடுமுறை. அவர் விடியற்காலையில் நாலு தெரு தாண்டிப் போய்க் கார் கழுவிக்கொண்டிருந்தார்.

முன்வைப்பு நிதி இருக்கிறதே என்று நான் தைரியமாகத்தான் இருந்தேன். அதை எடுக்க ஊழியர் நேரில் வர வேண்டும் என்றார்கள். முப்பது நாள் குழந்தையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். முன்னேற்பாடு எழுந்து நின்றார். பாப்பாவின் விரலைத் தொட்டுப் பார்த்தார். ஏசியைக் குறைத்து வைத்தார். பிறகு கோப்பைத் திறந்து விதியைப் படித்துக் காட்டினார். முன்வைப்பு நிதி, வருமானக் குறைவால் சிரமப்படும் ஊழியருக்கு வழங்கப்படும்.

"உங்களுக்குத்தான் சிரமமே இல்லையேம்மா" என்றார்.

சிரமம் இருந்தது சார் என்றேன். அவர் கோப்பை என் பக்கம் திருப்பினார். என் கையெழுத்தும் வீட்டுக்காரர் கையெழுத்தும் இருந்தன. வீட்டுக்கு வந்தவர் கேட்டால் வேறு என்ன சொல்வது, ஒரு மரியாதைக்குச் சொன்னது என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. குரலை இன்னும் தாழ்த்தினார்.

"அப்ப பொய்னு எழுதிக்கட்டுமாம்மா? எழுதினா சான்றிதழ் ரத்தாயிடும். சான்றிதழ் இல்லேன்னா விடுப்பும் ரத்து. இந்த முப்பது நாளும் சொல்லாம வராம இருந்ததா ஆயிடும். வேலைக்கே பிரச்சினை. நீங்களே சொல்லுங்க, எப்படி எழுதட்டும்?"

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். சிரமம் இல்லை என்றே இருக்கட்டும் சார் என்றேன். நிம்மதியாகப் பேனாவை மூடினார்.

ஆனால் ஒத்திகை பார்த்தது ஒன்பதாயிரத்துக்கு, இப்போது வருவது நாலாயிரத்து ஐந்நூறு ஆயிற்றே என்று கேட்டுப் பார்த்தேன். அதனால்தான் கஷ்டமாக இருக்கிறது என்று அவர் உடனே ஒத்துக்கொண்டார். கால் சம்பளத்துக்கும் ஒரு ஒத்திகை வைத்திருக்க வேண்டும், இது பிரிவின் விடுபாடுதான், அடுத்த வருடத்திலிருந்து சேர்க்கச் சொல்லி எழுதுகிறேன் என்றார். அந்தத் திருத்தத்துக்கு நானே காரணம் என்று குறிப்பிடுவாராம். என் பணம் எங்கேயும் போகாது என்றார். பராமரிப்புக் கட்டணம் போக மீதி அப்படியே அடுத்த பிரசவத்துக்கு மாறிவிடும்.

"ரெண்டாவது குழந்தைக்கு நீங்க ஒரு பைசா சேக்க வேண்டாம்மா" என்று வாசல் வரை வந்து சொன்னார்.

படி இறங்கும்போது எனக்குக் கோபம் வர வேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை. எத்தனை படி என்று எண்ணிக்கொண்டு இறங்கினேன். பத்தொன்பது.

வீட்டு ஓனர் பதினைந்து நாள் பொறுத்தார். நாற்பத்து மூன்றாம் நாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பினேன். கார் கழுவி வீட்டுக்காரர் திரும்ப வெயில் ஏறிவிடும், விடுமுறை முடிந்தால் அவரும் நாளெல்லாம் வேனில் இருப்பார். அதனால் இரண்டு தெரு தள்ளியிருக்கிற அவருடைய அக்கா வீட்டில் பாப்பாவை விட்டேன். தங்கமான மனுஷி. நீ போடி, நான் பாத்துக்கறேன் என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மீதி எழுபது நாளைக் கம்பெனிக்கே திருப்பிக் கொடுத்ததற்குப் பிரிவிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

முழுச் சம்பளம் உடனே கிடையாதாம். திடீரென்று வருமானம் கூடினால் குடும்பம் நிலைதடுமாறிவிடும் என்பதால் மூன்று மாதம் வருமான உயர்வு ஒத்திகை. முக்கால் சம்பளம். கால் சம்பளம் வேறொரு நிதியில் சேர்கிறது. அதன் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை.

பதினோரு மணிக்கு மார்பு கட்டிக்கொள்ளும். கழிவறைக்கு ஏழு நிமிடம் அனுமதி. போய்ப் பிழிந்து விட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவேன். முதல் தடவை அந்தப் பால் தரையில் ஓடுவதைப் பார்த்தபோது மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அதற்கே ஏழு நிமிடமும் போய்விட்டது. அன்றைக்கு நனைந்த ஜாக்கெட்டோடு நூற்றைம்பது பூட்டு பார்த்தேன். எண்ணெய் அக்கா தன் மேல்துண்டை எடுத்து என் தோளில் போட்டாள். இரண்டாவது மாதம் பால் தானாக நின்றது.

எல்லாம் ஓர் ஒழுங்குக்கு வந்துவிட்ட ஒரு நாள், முன்னேற்பாடு கோப்போடு என் பெஞ்சுக்கே வந்தார். நாற்காலி வேண்டாம் என்று நின்றுகொண்டார். கையை நிறுத்த வேண்டாம், வேலை பார்த்துக்கொண்டே பதில் சொல்லலாம் என்றார்.

"இன்னியோட உங்க நூத்துப் பன்னெண்டு நாள் முடியுதும்மா. விடுப்பு முடியற அன்னிக்கு ஒரு மதிப்பீடு எடுக்கணும்கிறது விதி."

நான் நாள் கணக்கை விட்டு வெகுநாளாயிற்று. ஒரு பூட்டைத் திறந்தேன், மூடினேன். அவர் தாளைப் பார்த்துக் கேள்வி கேட்டார். கடன் உண்டா? உண்டு. எவ்வளவு? சொன்னேன். உடல்நலம்? இருக்கிறது. குழந்தை யாரிடம்? நாத்தனாரிடம். குழந்தை அழுகிறதா?

"முதல் மூணு நாள் அழுதா சார். தொண்டை கட்டிப்போற வரைக்கும் அழுதாளாம். நாலாம் நாள் நிறுத்திட்டா."

"இப்ப?"

"இப்ப அழறதில்ல."

"சாயங்காலம் நீங்க போனதும் உங்ககிட்ட வந்துடுவாளா?"

"வருவா சார். கொஞ்ச நேரம் இருப்பா. அப்புறம் நாத்தனார் குரல் கேட்டா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு கையை நீட்டறா."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"குழந்தைக்கு ஒத்திகை எதுவும் குடுத்தீங்களா?"

"இல்ல சார்."

"ஒண்ணுமே இல்லாமலா?"

இல்லை என்று தலையசைத்தேன். அவர் பேனாவைக் கோப்பின் மேல் வைத்தார். கண் லேசாகக் கலங்கியிருந்தது. நடிப்பில்லை, அதைச் சத்தியமாகச் சொல்வேன்.

"பெரியவங்களுக்கு ஆறு மாசம் பாடம் எடுக்கறேன்மா. படம் காட்டறேன், வீடு வீடா போறேன். அப்பவும் தடுமாறறாங்க. இந்தக் குழந்தை மூணே நாள்ல பழகியிருக்கு."

குழந்தை பழகியது என்று எழுதி, மூன்று நாள் என்பதை அடிக்கோடிட்டார். அடுத்த கேள்வி தாயைப் பற்றியது. தாய் பழகிவிட்டாரா என்று அச்சடித்திருந்தது, ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். எனக்குத் தலைகீழாகத் தெரிந்தாலும் படிக்க முடிந்தது. அதற்கு ஒரு பதில் என்னிடம் இருந்தது. நாலாம் நாள் அவள் அழவில்லை என்று நாத்தனார் சந்தோஷமாகச் சொன்னபோது, இன்னும் ஒரு நாள் அழுதிருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றியதைச் சொல்லலாம் என்று இருந்தேன். ஆனால் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. என் முகத்தை ஒரு தடவை பார்த்தார், கை பூட்டைத் திறந்து மூடுவதை ஒரு தடவை பார்த்தார், அவரே ஆம் என்ற கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டார்.

கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.